கூரையில் மேயும் உயிர்கள்

கர்நாடக அரசின் முத்திரையே ஒரு சிறிய விலங்கியல் ஏடு. நடுவில் ஓருடலில் இரு தலை கொண்ட கண்டபேருண்டப் பறவை. இருபுறமும் சிங்க உடலும் யானைத் தலையுமாக இரண்டு விலங்குகள். பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் வாழும் எவர் வீட்டுக்கும் அரசுக் கடிதங்களின் தலைப்பில் இவை வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இதே மாநிலத்தின் அரசுப் பறவை வேறு. அது பனங்காடை. ஊருக்கு வெளியே வயல் ஓரத்து மின்கம்பியில் வெட்டுக்கிளிக்காகக் காத்திருக்கும். முத்திரையில் இருக்கும் பறவைக்கும் கம்பியில் இருக்கும் பறவைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று கற்பனை, மற்றது உண்மை என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடுவதில்லை. கற்பனையிலேயே நம்பத்தகுந்த உயிர் ஒன்றைப் படைக்க முடியுமா, அதற்கு என்ன வேண்டும் என்பதுதான் என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

நம் கோயில் தூண்களில் பாயும் யாளியை எடுத்துக்கொள்வோம். சிம்ம யாளி, கஜ யாளி, மகர யாளி என்று அதற்கு வகைகள் உண்டு. சிங்கத்தின் உறுமலையும் யானையின் பலத்தையும் ஒரே கழுத்தில் ஏற்றிய சிற்பியின் கை மகத்தானது. ஆனால் யாளியின் குட்டி எப்படி இருக்கும், அதற்கு நெருங்கிய உறவு எந்த விலங்கு, தும்பிக்கை முதலில் வந்ததா நகம் முதலில் வந்ததா என்று கேட்டால் சிற்பம் பதில் சொல்லாது. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கில்லை. யாளி தூணைக் காக்கப் பிறந்தது. வேறொரு உலகத்தில் தானே பிழைத்து, தானே பெருகி, தானே மாறிவந்த ஒரு விலங்கினத்தைப் படைக்க நினைப்பவருக்கோ அந்தக் கேள்விகள்தாம் முழு வேலையும். ஒரு விலங்கைக் கற்பனை செய்வதென்றால் அதன் கால்வழியைக் கற்பனை செய்வது. உறுப்புகள் பிறகு தாமாக வரும்.

இந்தப் பேட்டையில் வாழ்ந்த ஒருவரே இதற்கு நல்ல சாட்சி. சி. வி. ராமனின் ‘பஞ்சவடி’ இல்லம் மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறது. ஒளிச்சிதறலுக்காக உலகம் அறிந்த அவர் சங்குகளையும் பறவை இறகுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆசையாகச் சேர்த்தவர். 1934இல் பனங்காடையின் இறகு நிறத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அந்தப் பறவை சிறகை விரிக்கும்போது தெறிக்கும் நீலத்தில் நீலச் சாயம் இல்லை. இறகின் உள்ளே இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு நீலம் தெரிகிறது. நம் நகத்தையும் மயிரையும் ஆக்கும் கெரட்டின் என்ற அதே வகைப் புரதமும், காக்கையைக் கறுப்பாக்கும் அதே நிறமியும்தான் அங்கே கையிருப்பு. இயற்கை புதுப் பொருளுக்குப் போகவில்லை. இருந்ததை வேறுவிதமாக அடுக்கியது. அயல் உயிரைப் படைப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது: எந்த உடலும் தன் முன்னோர் விட்டுச்சென்ற கையிருப்பிலிருந்துதான் புதியதைச் செய்யும்.

இல்லாத விலங்கினத்துக்கு உடற்கூறும் பரிணாமமும் எழுதியவர்கள் உண்டு. ஜெர்மானிய விலங்கியலாளர் கெரோல்ஃப் ஸ்டைனர் 1957இல் ஹரால்ட் ஸ்டும்ப்கே என்ற புனைபெயரில் ஒரு நூலை வெளியிட்டார். பசிபிக் தீவுகளில் மூக்கால் நடக்கும் பாலூட்டிகளின் வரிசை ஒன்றை, உட்பிரிவுகளும் உறுப்புப் படங்களுமாக, ஆய்வேட்டுக்குரிய கட்டுப்பாட்டோடு அவர் எழுதினார். அணுகுண்டுச் சோதனையில் அந்தத் தீவுகள் மூழ்கிப்போனதாக நூல் முடிகிறது. 1981இல் டூகல் டிக்ஸன், மனிதர் அழிந்தபின் ஐந்து கோடி ஆண்டுகள் கழித்துப் பூமியில் உலவக்கூடிய விலங்குகளை வரைந்து காட்டினார்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் இவர்களுக்கு இடையில் வரும் ஜோசப் காமின். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஒரு மூதாதை உருவத்திலிருந்து தொடங்கி, ஒன்றைச் சிறிது மாற்றி அடுத்ததை வரைந்து, கிளை பிரித்து ஒரு முழு விலங்கினத்தையே தாளில் வளர்த்தார். 29 வாழும் இனங்கள், 48 புதைபடிவ இனங்கள், ஆக 77. எது எதிலிருந்து பிறந்தது என்ற உண்மையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, உருவங்களை மட்டும் சக ஆய்வாளர்களிடம் கொடுத்து உறவுமுறையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். உயிரினங்களின் கால்வழியை எப்படி ஊகிப்பது என்று அவரும் ராபர்ட் சோக்கலும் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின்னணியில் இந்தக் கற்பனை விலங்குகள் இருந்தன. அந்த எண்களைக் கவனியுங்கள். வாழ்பவற்றைவிட இறந்தவை அதிகம். உயிரினத்தைப் படைப்பவர் அதன் இடுகாட்டையும் சேர்த்தே படைக்க வேண்டும் என்று காமின் அறிந்திருந்தார்.

நானும் ஓர் இனத்தை அப்படி வளர்த்து வருகிறேன். முதலில் உலகம், பிறகுதான் உடல். சனிக்கோளின் நிலவான என்செலடஸின் குறுக்களவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். அதன் தென்முனையிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு வெளியேறுவதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டது. பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறது. அந்தப் பீறலில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும் பாஸ்பேட் இருப்பது 2023இலும் தெரியவந்தன. கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கலாம் என்று நினைக்க ஹைட்ரஜன் இடம் தருகிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவில் இன்னொரு சாத்தியம் உண்டு. கோளின் கதிர்வீச்சு மேற்பரப்புப் பனியைத் தாக்கி உடைப்பதால் ஆக்சிஜன் பிறக்கிறது. அது விரிசல்களின் வழியே மெல்ல மெல்லக் கீழே கடலுக்கு இறங்கக்கூடும். இந்த இரண்டையும் ஒரே நிலவில் சேர்த்து வைத்தேன். ஈர்ப்பு மிகக் குறைவு, வெளிச்சம் அறவே இல்லை. மேலே மூச்சு, கீழே சோறு. இந்த இரண்டுக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் கறுத்த நீர். என் விலங்குகளின் விதி அந்த ஒரு வரியில் முடிவாகிவிட்டது.

முதல் மூதாதை நடுநீரில் மிதந்த, மூன்று மடல் கொண்ட சிறு பை. ஊற்றிலிருந்து எழும் வெதுவெதுப்பான நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களை மடல்களால் அள்ளித் தின்னும். ஊற்றுகள் சில காலம் பொங்கும், சில காலம் அடங்கும். பஞ்சக் காலத்துக்காக அது உடலுக்குள் எண்ணெய் சேர்த்தது. எண்ணெய் நீரைவிட எடை குறைந்தது. அதிகம் சேர்த்தவை தம்மை அறியாமல் மேலே எழும்பின. எழும்பி எழும்பி ஒருநாள் பனிக் கூரையில் முட்டின. அங்கே ஆக்சிஜன் மிகுதி. நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்த சத்தை உண்டு, பனியின் அடிப்பரப்பில் பாசிப்படலம்போல் நுண்ணுயிர்கள் படர்ந்திருந்தன. பசிக்காகச் சேர்த்த சரக்கு இருப்பிடத்தையே மாற்றிவிட்டது. ஒன்றுக்காக உருவான உறுப்பு வேறொன்றுக்குப் பயன்படுவது பரிணாமத்தில் திரும்பத் திரும்ப நடப்பது. பறவையின் இறகும் பறப்பதற்கு வெகுகாலம் முன்பே டைனோசர்களின் உடலைப் போர்த்தியிருந்தது.

அந்த எண்ணெய் இன்னொரு கதவையும் திறந்தது. 1926இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் உடலின் அளவு உடலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று ஒரு சிறு கட்டுரையில் அழகாக விளக்கினார். பிறகு இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர் அவர். இரத்த ஓட்டம் இல்லாத உடலில் ஆக்சிஜன் ஊறிப் பரவும் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே அத்தகைய உயிர்கள் மெல்லியனவாகவே இருக்க முடியும். ஆனால் எண்ணெய்க்கு மூச்சு வேண்டாம். உயிருள்ள சதை வெளியில் மெல்லிய தோலாக மட்டும் இருக்க, உள்ளே எண்ணெய் எவ்வளவு பெருத்தாலும் கேடில்லை. நம் கடல்களில் சொறிமீன் உயிரற்ற கூழை நடுவில் வைத்து இப்படித்தான் பெரிதாகிறது. என் மூதாதையின் வழிவந்தவையும் அந்த வழியில் பெரிதாயின. இதயம் இல்லாமலே ஆள் உயரம் வந்தவை உண்டு. ஆனால் அவசரம் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. ஆக்சிஜன் சொட்டுச் சொட்டாக வரும் உலகில் எல்லாம் மெதுவாக நடக்கும், எல்லாம் நெடுநாள் வாழும்.

கூரையில் தலைகீழாக வாழ்வது அவ்வளவு விந்தையா என்று கேட்பவர்களுக்கு நம் பூமியிலேயே பதில் இருக்கிறது. அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டுக்கு அடியில் இறக்கிய ஒரு தானியங்கிக் கருவியின் கேமராவில், பனிக்குள் உடலைப் புதைத்துக் கைகளைக் கீழே நீருக்குள் தொங்கவிட்டிருந்த கடல் அனிமோன்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. 2013இல் அவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள். என் இனத்துக்குக் ‘கூரைமேயிகள்’ என்று பெயர் வைத்தேன்.

கூரைமேயிகளில் மூன்று பெருங்கிளைகள். முதலாவது மேய்பவை. மடல்களின் ஓரம் கடினப்பட்டுக் கொக்கியாகி, பனியைப் பற்றி நகர்ந்து படலத்தைச் சுரண்டுகிறது. இரண்டாவது தொங்குபவை. ஓரிடத்தில் உறைந்து, நீண்ட இழைகளைக் கீழே விட்டு, எழும் நீரோட்டத்தில் வருவதைப் பிடிக்கின்றன. மூன்றாவது மூழ்குபவை. எண்ணெயைச் செலவழித்துக் கனத்து ஊற்றை நோக்கி இறங்கும். அங்கே தின்று கொழுத்து மறுபடி மிதந்து மேலேறும். நீச்சலுக்கென்று பெரிய சதை அவற்றிடம் இல்லை. பசித்தால் தாழும், வயிறு நிறைந்தால் உயரும். குறைந்த ஈர்ப்பில் அந்தப் பயணம் மிக நீளமானது.

இந்த மூன்றாவது கிளையில்தான் படைப்பவருக்குச் சோதனை. கூரையில் மேய்ந்த மூதாதைக்கு உணவு தலைக்கு மேலே இருந்தது. ஆகவே வாய் மேலே பார்த்தது. மூழ்குபவை கீழ்நோக்கிப் போகின்றன. வாயோ இன்னும் மேலேயே இருக்கிறது. போகும் திசைக்கு முதுகைக் காட்டும் வாய்! அதை எடுத்துக் கீழே ஒட்டிவிட என் பென்சில் துடித்தது. ஒட்டியிருந்தால் அது யாளியாகியிருக்கும். கால்வழி அறுந்திருக்கும். அப்படிச் செய்யாமல், ஊற்றை நெருங்கியதும் அவை உடலையே குப்புறப் புரட்டிக்கொள்ளும்படி விட்டேன். புரளப் புரள மடல்களில் ஒன்று துடுப்பாக நீண்டது. மற்ற இரண்டும் சிறுத்தன. மும்மைச் சமச்சீர் மெல்லச் சரிந்து முன்புறம், பின்புறம் என்ற பேதம் பிறந்தது. நம் கடலில் ஐந்து பகுதியாக அமைந்த கடல் முள்ளெலிகளில் மணலைத் துளைத்துப் போகும் வகைகளுக்கும் இதேபோலப் பிறகுதான் முன்புறம் வந்தது. வாயைச் சுற்றிய நரம்பு வளையம் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து துடுப்புக்குப் போகும் நரம்பு உடலைச் சுற்றி வளைந்துதான் போகிறது. நம் குரல்வளைக்குச் செல்லும் நரம்பு மூளையிலிருந்து இறங்கி, இதயத்தருகே பெருங்குழாயைச் சுற்றித் திரும்பி மேலே ஏறுவதும், ஒட்டகச்சிவிங்கியில் அது மீட்டர் கணக்கில் வீணாக அலைவதும் இதே காரணத்தால்தான். மீனாக இருந்த காலத்தில் அது நேர்வழி. அந்த வீண் வளைவைத் திருத்தாமல் விட்டபோதுதான் என் விலங்கு உயிர்பெற்றதாக உணர்ந்தேன்.

புலன்களைப் பற்றி யோசிக்கும்போது தொல்காப்பியத்தின் மரபியல் நினைவுக்கு வருகிறது. உயிர்களை அவற்றின் அறிவால் அடுக்கிய அந்த வரிசையில் தொடுதல் முதல். அடுத்து சுவை, நாற்றம், பார்வை, செவி, மனம். புல்லுக்கும் மரத்துக்கும் ஒன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்று ஏறிப்போகும் வகைப்பாடு. எந்த உலகத்து உயிராயினும் தொடுதலில் தொடங்கும் என்பதை அது பிடித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளியில்லாத என் கடலில் நான்காம் படி எழும்பவே இல்லை. தொடுதலிலிருந்து நேராகக் கேட்டல் பிறந்தது. தாய்க்கோளின் இழுவையில் பனி ஓடு ஒவ்வொரு சுற்றிலும் முறுகி விரிசல் விடும். புது விரிசல் என்றால் புது ஆக்சிஜன். கூரையைப் பற்றிய கொக்கிகளின் அடியில் அதிர்வை உணரும் செல்கள் பெருகி, கொக்கியே செவியாயிற்று. நடக்கும் உறுப்பும் கேட்கும் உறுப்பும் ஒன்றே ஆனதால், மேயும்போது அவை செவிடு. கேட்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். ஒரு மந்தையில் எப்போதும் சில நின்றுகொண்டிருக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. உடல் ஒழுக்கத்தை உண்டாக்குகிறது.

இனி இடுகாடு. எண்ணெய் நிறைந்த உடல் இறந்தாலும் மூழ்காது. கூரையிலேயே ஒட்டிக் கிடக்கும். பனி ஓடு தடிக்கும் யுகங்களில் அடியிலிருந்து புதிய பனி உறைந்து அதை மூடும். ஆகவே இங்கே புதைபடிவங்கள் தலைக்கு மேலே. உயரப் போகப்போகப் பழமை. பூமியில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்று நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதியது 1669இல். மல்லேஸ்வரத்தில் இருக்கும் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஏகோஜி வழங்கிய கொடையைச் சொல்லும் கல்வெட்டும் அதே 1669ஐச் சேர்ந்தது. அவர்தான் பிறகு தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். பாறையை வாசிக்க ஐரோப்பா கற்ற ஆண்டில் இங்கே பாறையில் எழுதிவைத்தார்கள். என் நிலவில் அந்த வாசிப்பு தலைகீழாகும். ஒரு நீண்ட யுகத்தில் விரிசல்கள் அடைபட்டு ஆக்சிஜன் வற்றியதையும், பெரிய உடல்கள் எல்லாம் மாண்டதையும், தொங்குபவற்றில் ஒரே ஒரு வகை தப்பியதையும் பனி அடுக்குகள் சொல்லும். இன்று இழையோடு தொங்குபவை அனைத்தும் அந்த ஒன்றின் பிள்ளைகள். அது சிறந்தது என்பதால் தப்பவில்லை. சிறியது என்பதால் தப்பியது.

இவ்வளவு கட்டுப்பாடு கற்பனையைக் குறுக்கிவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜம்மு பகுதியின் காலாகோட் பாறைகளை நினைத்துக்கொள்கிறேன். புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்கே சேகரித்த கற்கள் அவர் மறைந்தபின் அவர் மனைவி வழியாக ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் போயின. அவற்றிலிருந்த ஒரு மண்டையோட்டில் காதெலும்பு எதிர்பாராமல் உடைந்து வெளிப்பட்டது. திமிங்கிலங்களுக்கே உரிய தடித்த உட்சுவர் அதில் இருந்தது. அது இந்தோஹயஸ். ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையளவே இருந்த, மெல்லிய கால்களில் குளம்பு கொண்ட விலங்கு. 2007இல் வெளியான அந்த ஆய்வு, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவாக அதை நிறுத்தியது. குளம்புள்ள சிறு விலங்கின் உறவினரிலிருந்து கடலின் பேருடலை வளர்த்தெடுக்க எந்தச் சிற்பிக்குத் துணிவு வந்திருக்கும்? கால்வழி கற்பனையைக் குறுக்குவதில்லை. தனியே நின்று யோசிக்கும் எந்த மனமும் போகாத இடத்துக்கு அது கூட்டிப் போகிறது. இன்றும் திமிங்கிலத்தின் சதைக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் கிடக்கிறது.

இந்தப் பயிற்சி எனக்குத் தந்த பெரிய பலன், பக்கத்தில் இருக்கும் உயிர்களின் உடலை வாசிக்கும் பழக்கம். மல்லேஸ்வரத்தை ஒட்டிய இந்திய அறிவியல் கழக வளாகத்தில், பழைய ஆட்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அந்த மரக்கூட்டத்தில், தேவாங்கு இருக்கிறது. கால் கிலோ எடை. இருட்டில் பூச்சி தேடப் பெருத்த கண்கள். கிளையை இறுகப் பிடிக்கக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் அகல விரிய வேண்டும். நடுவில் இடைஞ்சலாக இருந்த ஆட்காட்டி விரல் குட்டையாகிவிட்டது. மணிக்கணக்கில் பிடித்துத் தொங்கினாலும் தளராதபடி கைகால்களில் இரத்தக் குழாய்கள் கற்றையாகப் பிரிந்து ஓடுகின்றன. ஓசையின்றி, அசைவு தெரியாமல் நகரும் வாழ்க்கைக்காக அதன் முன்னோர் ஒன்றை விட்டுக்கொடுத்தனர். தேவாங்கால் தாவ முடியாது.

கூரைமேயிக்குப் பிறகு இந்த ஒரு வாக்கியத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. தாவாத உடலுக்கு இரண்டு மரங்களின் கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடம்தான் பாதை. சாலையை அகலப்படுத்தவோ மின்கம்பிக்கு இடம்விடவோ ஒரு கிளையை வெட்டும்போது, நமக்குத் தெரிவது ஒரு கிளை. தேவாங்குக்கு அது கண்டம் உடைந்து கடல் புகுந்ததற்குச் சமம். என் நிலவில் ஒரு கிளைவழி அழிந்தால் தாளைப் புரட்டி மறுபடி வரைந்துகொள்வேன். ஆட்காட்டி விரலைக் கைவிட்டுப் பிடியைப் பெற்ற அந்த நெடிய கால்வழியை மறுபடி வரைய யாருக்கும் கை கிடையாது. தமிழகத்தில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 2022இல் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். பெங்களூரில் அவ்வளவு பெரிய காடு கேட்க வழியில்லை. இங்கே கேட்பது சிறியது: வளாகத்தைச் சுற்றிய தெருக்களில் இந்தப் பக்க மரமும் அந்தப் பக்க மரமும் தலைக்கு மேலே சேரவிட வேண்டும். மரம் வெட்ட அனுமதி தருபவர், எத்தனை மரம் என்று எண்ணுவதோடு, எந்தெந்த மரங்களின் இணைப்பு அறுகிறது என்றும் பார்க்க வேண்டும். அயல் உயிருக்கு உலகம் சமைத்தபோது ஒவ்வொரு கோட்டிலும் நான் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது: இந்த உடலால் இதைக் கடக்க முடியுமா? நம் தெருவை வரைபவர்களும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.